யார் சுட்ட பன்னக்

என் தங்கை டெல்ஃபீனுக்குக் கடன் கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான் சுடும் பன்னக் ரொட்டி. சிரிக்காதீர்கள். நான் சுட்ட பன்னக்கை எங்கள் வீட்டு நாயே முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

டெல்ஃபீன் பதினொரு வருடமாகச் சுரங்க முகாமில் சமைக்கிறாள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். அவளுடைய ஆறு வயது மகள் பாதி நாள் என்னிடம்தான் வளர்கிறாள். நெடுஞ்சாலைச் சந்திப்பில் ஒரு பழைய உணவு வண்டி விலைக்கு வந்தபோது, அதை வாங்கி பன்னக்கும் சூப்பும் விற்றுக்கொண்டு மகளோடு இருந்துவிடலாம் என்று ஆசைப்பட்டாள். பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தில் இருக்கும் எங்கள் வீட்டை எந்த வங்கி ஈடாக வாங்கும்? நிலம் அரசாங்கத்தின் பெயரில் அல்லவா இருக்கிறது. பழங்குடிப் பெண்களின் தொழிலுக்கென்றே கடன் தரும் அலுவலகம் ஒன்று நகரத்தில் இருந்தது. அங்கே போனோம்.

அந்த அலுவலகத்தில் ப்ரூக் என்ற சின்னப் பெண் கேட்டாள்: "இந்த வட்டாரத்துலயே உங்க பன்னக்தான் பெஸ்ட்னு சொல்வீங்களா?"

தன் கையைத் தானே புகழ்வது எங்களிடம் அசிங்கம். இன்னொருத்தர் பெயரைச் சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் க்ரீ இனத்தார் யாரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"என்னோடது சுமார்தாங்க. எங்க அக்கா வெர்னா நல்லா சுடுவா" என்றாள் டெல்ஃபீன்.

ப்ரூக் அதை எழுதிக்கொண்டாள், பாவி.

மூன்று வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. விண்ணப்பித்தவருக்குத் தன் பொருள் மேலேயே நம்பிக்கை இல்லையாம். அதே வாரம் ப்ரூக் எனக்கு ஃபோன் செய்து, நீங்கள் ஏன் விண்ணப்பிக்கக் கூடாது என்றாள்.

"வாங்கிடு அக்கா. பேருதானே உன்னுது? சுடப்போறது நான்தான்" என்றாள் டெல்ஃபீன்.

"நான் சுட்டத அவ தின்னு பாத்தா ஜெயில்ல போட்டுருவாடீ."

"தின்னுல்லாம் பாக்க மாட்டா. கேப்பா, அவ்வளவுதான்."

கேட்டாள். நான்தான் பெஸ்ட் என்றேன். நாக்கு கூசும் என்று நினைத்தேன், கூசவே இல்லை. ப்ரூக் தலையாட்டத் தலையாட்ட எனக்கு வாய் நீண்டுகொண்டே போனது. "என் தங்கச்சிக்குக் கத்துக்குடுத்ததே நான்தாங்க. இன்னும் அவளுக்குக் கை படியல" என்றேன். அது யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்.

கடன் வந்தது. வண்டியும் வந்தது. கூடவே அந்த அலுவலகத்தின் செய்தி மடலும் வந்தது. அதில் பல்லெல்லாம் தெரிய என் படம் இருந்தது. படத்துக்குக் கீழே நான் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் போட்டிருந்தார்கள். ஊர்க் கடையில், வரிசையில் நிற்கும்போது, யாரோ அதை டெல்ஃபீனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

வந்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் உட்காரக்கூட இல்லை.

"எனக்குக் கை படியலையாமே."

"கடன் வரணும்னுதானேடீ சொன்னேன்."

"கடனுக்கு, நீ நல்லா சுடுவேன்னு சொன்னா போதும். என்னை ஏன் கீழ தள்ளின?"

அன்று ப்ரூக்கின் எதிரே உட்கார்ந்திருந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அவளைவிட நான் மேல் என்று ஒருத்தி நம்பினாள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எப்படிச் சொல்வேன்?

"அவ கேட்டப்ப நான் உன் பேர விட்டுக்குடுக்கலயே அக்கா" என்றாள். "வண்டி உன் பேர்ல இருக்கு. நீயே சுடு."

"புள்ளைய நினைச்சுப் பாருடீ."

"நீ நினைச்சியா?"

திங்கட்கிழமை முகாம் விமானத்துக்கு அவளை நான்தான் கொண்டுபோய் விட்டேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி வாங்கியாச்சே, அம்மா ஏன் போகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டெல்ஃபீன் குனிந்து அவளுக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து, கூலி பேசி அமர்த்திய டிரைவரிடம் சொல்வதுபோல எனக்கு நன்றி சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.