என் வயிறு திருத்திய கதை

1

இந்தக் கதை பிறந்த இடம் கழிப்பறை. கொஞ்சம் மரியாதையான இடமாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், கையில் ஒரு கோப்பை இருந்தது என்று ஆரம்பித்திருக்கலாம். ஆனால் கோப்பை என்று எழுதினால் அதில் என்ன இருந்தது, பால் கலந்ததா கலக்காததா என்று என் மனைவி கேட்பாள். அதனால் உண்மையையே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வாய்த்தது கோபக்காரக் குடல். மருத்துவர் சொன்ன பெயர் இதைவிட நீளம். படம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள்.

"ஒண்ணுமில்லைன்னா ஏன் டாக்டர் இந்தப் பாடு படுத்துது?"

"குடல்ல குறை எதுவும் இல்லைங்க. சுபாவம்தான் அப்படி. எதுவோ அதுக்குப் பிடிக்கல. எதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

எனக்குப் பிடிக்காததே எதுவென்று இந்த வயது வரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிடிக்காததை நான் எங்கே போய்க் கண்டுபிடிப்பது?

ஒரு முன்னறிவிப்பு. இதில் சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். அதற்கு இலக்கியக் காரணம் எதையும் தேட வேண்டாம். எழுந்து போயிருப்பேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"கிரேனின் உச்சிக் கூண்டில் ஏறி அமர்ந்ததும் நகரம் அவனுக்குக் கீழே தீப்பெட்டிகளாகச் சுருங்கியது. வயிற்றில் எதுவோ புரண்டது."

நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். உச்சிக் கூண்டில் கழிப்பறை கிடையாது, இறங்கி வர நேரமாகும், பதற்றம் தானாகவே வந்துவிடும். ஒரே சிக்கல், நான் இதுவரை ஏறியதிலேயே உயரமானது பரணுக்குப் போடும் முக்காலிதான். மனைவி படித்துவிட்டுக் கேட்டாள்:

"கிரேன்ல ஏறுறவன் எதுக்குங்க நம்ம வீட்டு நீலச் சட்டைய போட்டிருக்கான்?"

"எங்கே?"

"ரெண்டாவது பக்கத்துல. மூணாவது பொத்தான் இல்லாத சட்டைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்தப் பொத்தான் எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியும்."

கிரேனைக் கீழே இறக்கிவிட்டேன். அடுத்த தொடக்கம்:

"ஒலிப்பதிவு அறையின் கனத்த கதவு மூடிக்கொண்டதும் அவன் அடிவயிற்றில்"

[எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அந்த வாக்கியத்தின் மிச்சம் நினைவில் இல்லை. நீங்களே ஒரு வினைச்சொல் போட்டுக்கொள்ளலாம். எதைப் போட்டாலும் எனக்கு அது ஏற்கெனவே நடந்திருக்கும்.]

3

"அவன்" என்று எழுதிக்கொண்டிருப்பதில் இனி அர்த்தமில்லை. சட்டை பிடிபட்டபின் ஆள் ஒளிந்து என்ன பயன். அது நான்தான். புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்வது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு கதை கேட்பவர்களுக்காக, சத்தமே புகாத ஒரு சின்ன அறைக்குள், ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து படிப்பேன். எறும்பு நடந்தால்கூடக் கேட்கும் அளவுக்குக் கூர்மையான ஒலிவாங்கி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதுகளில் கருவியை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். என் வயிற்றை உலகத்திலேயே நெருக்கமாக அறிந்தவர் அவர்தான்.

"சார், அந்த வரிய இன்னொரு தடவை படிங்க."

"நல்லாத்தானே படிச்சேன்?"

"நீங்க நல்லாத்தான் படிச்சீங்க. கூடவே இன்னொருத்தரும் படிச்சார்."

காதலி விடைபெறும் இடமாகப் பார்த்துத்தான் இன்னொருத்தர் வாய் திறப்பார். பாவம் ஒலிப்பதிவாளர், வெட்டி ஒட்டிச் சமாளிப்பார். ஒருமுறை மட்டும் வெட்டவில்லை. "பேய்க் கதைல பழைய கதவு ஒண்ணு திறக்குமே, ஞாபகம் இருக்கா சார்? அது உங்களோடதுதான். அமைப்பா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றார். அந்தக் கதவைக் கேட்டுப் பயந்துபோனதாக நேயர்கள் எழுதியிருந்தார்கள்.

4

இந்த இடத்தில் ஒரு தேர்ந்த எழுத்தாளர் நாயகன் எதை இழக்கப்போகிறான் என்று சொல்லியிருப்பார். நானும் சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட என் உடம்பில் திராணியில்லை.

மகளுக்கு வேறு ஊரில் கல்லூரி கிடைத்திருக்கிறது. பேருந்தில் போக அரைநாளாகும். விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும். நான் ஊரைவிட்டுப் பேருந்தில் போய் வருடங்களாகின்றன. தெரிந்த தெருக்களில்கூட எனக்குக் கடைகள் தெரியாது, எந்தக் கடைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது என்பதுதான் தெரியும். மகள் பள்ளியில் பரிசு வாங்கிய நாள்களில் நான் அரங்கின் கடைசி வரிசையில் கதவோரம் நின்றிருப்பேன். மேடையில் அவள் வந்து நின்ற தருணத்தில் எப்போதாவதுதான் அங்கே இருந்திருக்கிறேன்.

பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவள், "அம்மா வந்தாப் போதும்பா. நீங்க எதுக்கு அலையணும்" என்றாள். கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அன்பாகச் சொல்லித் தொலைத்தாள்.

அன்றைக்குத்தான் உணவு ஆலோசகரிடம் போனேன். கறாரான பெண்மணி.

"ஒரு சமயத்துல ஒரே ஒரு பொருள நிறுத்துங்க. மத்ததெல்லாம் எப்பவும் போல. குணம் தெரிஞ்சா, திரும்பச் சேர்த்துப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு. புரிஞ்சுதா?"

புரிந்தது. பாலை நிறுத்தினேன். மற்றதெல்லாம் எப்பவும் போல.

அதிசயம் நடந்தது. வயிறு அடங்கியது. முழுசாக ஒரு நாவலைப் படித்து முடித்தேன். இன்னொருத்தர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து அறிவித்தேன்: "குற்றவாளி பிடிபட்டான். பால்தான். நானும் பஸ்ல வரேன்."

மகள் முகம் மலர்ந்தது. இதை இதைவிட நன்றாக எழுதத் தெரியவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சூரியன் வந்துவிட்டது, அடித்துவிட்டேன். மலர்ந்தது, அவ்வளவுதான்.

5

மனைவி என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் இப்படி இருந்தாள்: "அவள் பொறுமையின் உருவமாக அடுப்படியில் நின்று, கணவனுக்கென்று தனியாகச் சமைத்து, ஒரு சொல்லும்"

இது நான் எழுந்து போனதால் நின்ற வாக்கியம் இல்லை. அவள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்ததால் நின்றது.

"என்னை இவ்வளவு நல்லவளா எழுதாதீங்க. படிக்கிறவங்க யாராவது வீட்டுக்கு வந்து பாத்தா ஏமாந்து போவாங்க."

"வேற எப்படி எழுதறது?"

"சாப்பாட்டு நேரத்துல உங்க வயித்தப் பத்திக் கேட்டுக் கேட்டு எனக்குச் சாப்பாடே இறங்கலன்னு எழுதுங்க. நம்ம கல்யாண நாளன்னைக்கு ஓட்டல்ல, வந்த தட்டத் தொடாம எந்திரிச்சுப் போனீங்களே, அந்த மேசைல தனியா உக்காந்து ரெண்டு பேர் சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன்னு எழுதுங்க."

"ரெண்டையுமா சாப்பிட்ட?"

"கோவத்துல சாப்பிட்டேன்."

எழுதிவிட்டேன். பாத்திரம் இப்போது நம்பும்படி இருக்கிறது.

6

இனி வீழ்ச்சி. ஒலிப்பதிவுக் கூடத்தில் யாருக்கோ பதவி உயர்வு, விருந்து வைத்தார்கள். பால் இல்லாதது எது என்று கேட்டுக் கேட்டு எடுத்தேன். வெங்காயம் திணித்த ரொட்டி: பால் இல்லை. கடுங்காபி: பால் இல்லை. தொண்டைக்காக நான் எப்போதும் கையில் வைத்திருக்கும் சர்க்கரை சேர்க்காத மிட்டாய், ஒரு பிடி: பால் இல்லவே இல்லை. வெற்றி பெற்றவனின் நெஞ்சோடு சாப்பிட்டேன்.

அதற்குப்பின் நடந்ததை விவரிக்கப் போவதில்லை. இந்தக் கதைக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். "பால் இல்ல போலிருக்கு. பாலைத் தொடவே இல்ல. எல்லாம் வீணாப் போச்சு."

மனைவி தட்டில் விரலால் கோடு போட்டாள். அவள் எதையோ மறைக்கும்போது தட்டில்தான் கோடு போடுவாள்.

"ரொட்டில வெங்காயம் இருந்துச்சுன்னு சொன்னீங்கள்ல?"

"இருந்துச்சு. அதான் தினமும் வீட்டுலயும் சாப்பிடறேனே."

"சாப்பிடல."

"என்ன?"

"நீங்க பாலை நிறுத்துன அன்னைக்கே நான் வெங்காயத்த நிறுத்திட்டேன். பூண்டையும். வெங்காயமும் ஆகாம இருக்கலாம்னு யாரோ சொன்னாங்க. உங்ககிட்ட சொன்னா, ஒண்ணுதான் நிறுத்தணும்னு சண்டைக்கு வருவீங்க."

"வெங்காயம் இல்லாமயா சமைச்ச? எனக்குத் தெரியவே இல்லையே."

"என் சமையல என்னைக்குக் கவனிச்சிருக்கீங்க? உங்க கவனமெல்லாம் அதுக்கு அடுத்த கட்டத்துலதானே."

மகள் மெதுவாகக் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது மாதிரி.

"அப்பா, அந்த மிட்டாய் டப்பால நான் சாதா மிட்டாய மாத்தி வெச்சேன். சர்க்கரை இல்லாதது ரொம்பத் தின்னா வயித்தக் கலக்கும்னு டப்பாலயே போட்டிருக்கு, பொடி எழுத்துல."

"எப்போ மாத்தின?"

"நீங்க பாலை நிறுத்தினப்போ. டப்பா தீர்ந்ததும் நீங்களா போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துட்டீங்க."

எனக்கு ஒரு சந்தேகம் வந்து ஒலிப்பதிவாளருக்குத் தொலைபேசினேன். நான் வாயைத் திறக்குமுன்பே அவர், "காபியப் பத்தியா சார்? கோச்சுக்காதீங்க. கூடத்துல நான் தினமும் உங்களுக்குத் தர்றது கொஞ்ச நாளா காபி மாதிரி ஒண்ணுதான். வறுத்த பார்லி. விருந்தன்னைக்கு நான் லீவு" என்றார்.

(எத்தனையோ கதைகளில் வில்லன்கள் கூட்டுச் சேர்ந்து சதி செய்வார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வாரத்தில் மூன்று பேர் நல்லது செய்து ஒருவனைக் குழப்பிய கதையை நான் படித்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.)

"ஒருத்தர் மட்டும் உங்களக் காப்பாத்தியிருந்தா இந்நேரம் கண்டுபிடிச்சிருக்கலாம்பா" என்றாள் மகள்.

உணவு ஆலோசகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "முதல்லேர்ந்து ஆரம்பிங்க. ஒவ்வொண்ணா. அதுவரைக்கும் உங்க மேல யாரும் பாசம் காட்ட வேணாம்னு வீட்ல சொல்லிடுங்க." ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் கல்லூரி திறந்து, முதல் விடுமுறையும் வந்துவிடும்.

7

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

ஒன்று: குற்றவாளி வெங்காயம்தான் என்று தெரிகிறது. நாயகன் பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறான். [நான் இன்னும் வெங்காயத்தைச் சோதிக்கவில்லை. இதை எழுதினால் அதன்மேல் பழி போட்டதாகும். வெங்காயத்துக்கும் பேச ஒரு வாய்ப்புத் தர வேண்டும்.]

இரண்டு: நாயகன் வீட்டிலேயே தங்கிவிடுகிறான். வாசலில் நின்று கையசைக்கிறான். படிப்பவர்கள் அழுவார்கள். இதை எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். மகள் படித்துவிட்டாள்.

"இதானா முடிவு?"

"ஒரு வரைவுதான்மா."

"அப்பா, உங்களுக்குப் பயம் வயித்தப் பத்தியா, பஸ்ஸ நிறுத்தச் சொல்றதப் பத்தியா?"

வருடக்கணக்காக என்னை மருத்துவர்கள் உள்ளேயும் வெளியேயும் பார்த்திருக்கிறார்கள். யாரும் இதைக் கேட்டதில்லை.

"நிறுத்தச் சொல்றதுதான்" என்றேன். "எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. உன்னையும்தான் பாப்பாங்க. இன்னார் பொண்ணுன்னு."

"பாக்கட்டும். நான் சொல்லிக்கறேன். எனக்கு வெக்கமில்ல. உங்களுக்கு இருந்தா வீட்லயே இருங்க. ஆனா வயிறுதான் காரணம்னு எழுதாதீங்க."

இரண்டாம் முடிவை அவளே மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பதிப்பாசிரியர்கள்கூட என்னிடம் இவ்வளவு நேரடியாக நடந்துகொண்டதில்லை.

8

இதைப் பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் கிளம்பவில்லை. பின் இருக்கையில் மனைவி, மடியில் மகளின் தலையணை. காலையிலிருந்து வெறும் சோறு தவிர எதையும் நான் தொடவில்லை, அதை நம்பலாமா என்பதும் தெரியாது. வயிறு இப்போதைக்கு மௌனம். படிப்பவரை நோட்டமிடும் விமர்சகரின் மௌனம்.

மகள் முன்னால் போய் ஓட்டுநரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். கையை நீட்டி என்னைக் காட்டுகிறாள். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறார். நடத்துநர் நேராகவே பார்க்கிறார். முன் மூன்று வரிசைக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு அம்மாள் தன் பக்கத்தில் இருப்பவரிடம், "எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான்" என்கிறார். பக்கத்தில் இருப்பவர்தான் அந்த வீட்டுக்காரர். அவர் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார்.

மகள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "கை காட்டினாப் போதுமாம். டிரைவருக்கும் வழியில ஒரு இடத்துல இறங்கணும்னு இருக்காம், கேக்கத்தான் ஆளில்லையாம்" என்கிறாள். வண்டி உறுமுகிறது. எழுதுகிற கை ஆடுகிறது.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. என்ன நடந்தது என்பது எனக்கே இனிமேல்தான் தெரியும். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் வயிறு இருக்கிறது, அனுபவம் இருக்கும். வழியில் வண்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்துங்கள், புதருக்கு ஓட விடுங்கள், மொத்தப் பேருந்தும் சிரிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். என்னை எங்கேயாவது இறக்கிவிட்டு வண்டியை எடுத்துவிடாதீர்கள். விடுதி வாசலில் அவள் திரும்பிப் பார்க்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும்.