ஜெயவேலு வீட்டு அடிக்குறிப்புகள்

1

இந்தக் கதை ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியின் முன்னால் பிறந்தது. பொங்கல் மலருக்குப் பக்கம் நிரம்பவில்லை என்று எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தயாளன் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கல்லூரி மலரில் கேன்டீன் சாம்பாருக்கு நான் எழுதிய இரங்கல் கட்டுரையை அவர் படித்திருக்கிறார். அழுதாராம்.

"தம்பி, விழிப்புணர்வா ஒரு கதை வேணும். வீட்லயும் ரோட்லயும் அடிபடாம இருக்கறது எப்படின்னு. குழந்தைங்க, நடுவயசு, பெரியவங்க, எல்லாரும் வரணும்."

"சரி சார்."

"ஆனா ஒண்ணு. கதையில யாருக்கும் அடி படக் கூடாது. பொங்கல் மலர் பாரு, மங்களகரமா இருக்கணும்."

பஜ்ஜி அதற்குள் வயிற்றுக்குள் போய்விட்டது. மறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. ஒருவர் விழுந்தால் அது கதை. விழாவிட்டால் அது வெறும் செவ்வாய்க்கிழமை. வழுக்காத படியைப் பற்றி உலகத்தில் யாரும் யாருக்கும் போன் போட்டுச் சொன்னதில்லை.

2

முதல் தொடக்கம்:

விடிந்தும் விடியாத பொழுதில் ஜெயவேலு, பரணில் இருந்த பித்தளை அண்டாவை எடுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி

நிறுத்திவிட்டேன். அறுபதைத் தாண்டிய ஒருவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றிவிட்டால் வாசகர்கள் அவரைச் சும்மா இறங்க விடமாட்டார்கள். நானே கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். அண்டா பரணிலேயே இருக்கிறது. அவர் மனைவி பொன்னி அதைக் கேட்டால் நான் பொறுப்பல்ல.

இரண்டாம் தொடக்கம்:

காயங்கள் இரண்டு வகைப்படும். அவையாவன

இதற்கு மேல் எழுதியவனாலேயே படிக்க முடியவில்லை.

மூன்றாம் தொடக்கம்:

ஜெயவேலு வீட்டில் எல்லாக் கதவுகளும் குள்ளம்.

இது நின்றது. இதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

3

கதவுகள் குள்ளமானது அவற்றின் குற்றமல்ல. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் தலை மேலேயே புதியதைப் போட்டுவிட்டுப் போவார்கள். சாலை வளர வளர வீடுகள் பள்ளத்துக்குப் போயின. மழைத் தண்ணீர் உரிமையோடு உள்ளே வந்து உட்கார்ந்தது. அக்கம்பக்கத்தில் சிலர் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். ஜெயவேலு ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய அப்பா காலத்தில் இந்தப் பக்கம் முழுக்க அவர்களுடைய நெல் வயல். அந்த வயலில் விளைந்த காசில் கட்டிய வீடு.

"நான் பொறந்த வூட்ட ஜாக்கி வச்சித் தூக்க அது இன்னா, பஞ்சரான வண்டியா?"

அதனால் வீட்டுக்குள்ளேயே இடித்த செங்கல் ரப்பீஸைக் கொட்டி, தரையை உயர்த்தி, டைல்ஸ் போட்டார். தரை மேலே வந்தது. கதவுகளின் தேக்கு நிலைகள் இருந்த இடத்தில் இருந்தன. அவர் மனைவி பொன்னி குட்டையானவள் என்பதால் அவளுக்கு ஒன்றுமில்லை. ஜெயவேலு உயரம். வாசல் நிலையின் மேல்கட்டை சரியாக அவர் நெற்றிக்கு நேரே வந்து நின்றது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெளியே கிளம்பும்போது தலையில் நிலை இடித்தால், திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் போகிற காரியம் விளங்காது. "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்ல" என்பார் ஜெயவேலு. குடிக்காமல் ஒருநாளும் போனதில்லை.

போன மழைக்காலத்தில் அவர் போர்ட்டிகோ டைல்ஸில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நாவலூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகள் ஜெயப்ரியா அன்று ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னாள்: "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேரும் எங்க ஃபிளாட்டுக்கு வந்துடணும். அப்புறம் பேச்சே கிடையாது." மாவுக்கட்டுக் கையோடு அவரும் தலையாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஜெயவேலுவுக்கு அடியே படவில்லை. அதாவது, பட்டது யாருக்கும் தெரியவில்லை.

(அடிக்குறிப்பு: நெற்றி வீங்கியிருக்கும் நாட்களில் அவருடைய விபூதிப் பட்டை கொஞ்சம் அகலமாக இருக்கும். மனுஷனுக்கு வயசான காலத்தில் பக்தி முற்றிவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.)

4

ஞாயிற்றுக்கிழமை ஜெயப்ரியா நான்கு வயது மகள் வெண்ணிலாவோடும், குளியலறைச் சுவரில் பொருத்த ஒரு ஸ்டீல் கைப்பிடியோடும் வந்தாள்.

"இன்னாடி இது? பாத்ரூமா, பஸ்ஸா?"

"புடிச்சுக்கிட்டு எழுந்திருக்கறதுக்குப்பா."

"கண்டக்டர் எப்ப வருவான்?"

"வந்தா உங்களத்தான் மொதல்ல எறக்கி வுடுவான்," என்றாள் பொன்னி அடுப்படியிலிருந்து. "டிக்கெட்டே எடுக்காம இம்மா வருசமா உக்காந்துகினு கீறீங்க."

ஆள் வந்து சுவரில் துளை போட்டு மாட்டிவிட்டுப் போனான். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் கைப்பிடியில் ஜெயவேலுவின் லுங்கி காய்ந்தது.

(முதல் வரைவில் ஜெயப்ரியாவை வில்லியாக வைத்திருந்தேன். கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். அப்புறம் ஒன்றை எழுத நேர்ந்தது: வெண்ணிலா ஓடுவதற்கு முன்னால் அவள் ஒவ்வொரு அறையிலும் முதலில் தன் காலை வைத்துத் தரை ஈரமா என்று தேய்த்துப் பார்க்கிறாள். அப்பா வீட்டிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால் எடுப்பதற்கு முன்பே கார் சாவியைத் தேடுகிறாள். கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டேன்.)

5

சாயங்காலம் அவர்கள் கிளம்பும் நேரம். ஜெயப்ரியா குனிந்து வெண்ணிலாவுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். காரை வெளியே எடுக்க வசதியாக கேட்டைத் திறந்துவிடலாம் என்று ஜெயவேலு முன்னால் விரைந்தார்.

[இந்த இடத்தில் நான் தலையிட்டேன். "ஜெயவேலு நிலையருகே வந்ததும் குனிந்தார்" என்று எழுதினேன். அவர் குனியவில்லை. "என் வூட்ல நான் இன்னாத்துக்குக் குனியணும்?" என்றார். அடித்து அடித்து எழுதிப் பார்த்தேன். காகிதம்தான் கிழிந்தது.]

ணங்.

யாரும் பார்க்கவில்லை. சத்தத்தைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டார். அப்படியே கேட் வரைக்கும் நடந்திருந்தால் கதை முடிந்தது. அவர் வீடு அவருக்கு, மகள் காருக்கு, நான் பஜ்ஜிக்கு. ஆனால் கால் திரும்பிவிட்டது. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

ஜெயப்ரியா நிமிர்ந்தாள். "ஏம்ப்பா தண்ணி?"

"தாகம்."

"இப்பத்தானே காபி குடிச்சே?"

"காபி குடிச்ச தாகம்."

ஒற்றை ஷூவோடு வெண்ணிலா அவரிடம் வந்தாள். விபூதிக்குக் கீழே புடைத்துக்கொண்டு வருவதை உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"எது அடிச்சுது தாத்தா?"

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்களுக்காக விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் விழுந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். குழந்தை விழுந்தால் நாம் எப்படி விழுந்தாய் என்று கேட்பதில்லை. எது அடித்தது என்று கேட்போம். தரை என்றால் தரைக்கு நாலு சாத்து, மேசை என்றால் மேசைக்கு. குழந்தை மேல் ஒரு குற்றமும் கிடையாது. இது எந்த வயதில் மாறுகிறது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு நாளிலிருந்து கேள்வி வேறாகிவிடுகிறது: பாத்து வரக் கூடாதா? கண்ணு எங்க போச்சு? வயசாச்சுல்ல?

ஜெயவேலுவிடம் யாரும் எது அடித்தது என்று கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை. வாசல் நிலையைக் கை காட்டினார்.

"அதான்."

"தூக்கு."

எழுந்து போய்த் தூக்கினார். வெண்ணிலா தேக்குக் கட்டையை ஓங்கி அறைந்தாள். "தாத்தாவ அடிப்பியா? அடிப்பியா?"

ஜெயப்ரியாவின் வாய் வரைக்கும் 'நாவலூர்' வந்துவிட்டது. அவள் உதடு அந்த 'நா'வுக்குத் திறந்ததை நான் பார்த்தேன். ஆனால் வெளியே வந்தது வேறு.

"வேற எதெது அடிச்சுது, நைனா?"

(அடிக்குறிப்பு: வேலைக்குப் போன பிறகு அவள் 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள். நைனா எங்கிருந்து வந்தார் என்று அவளுக்கே தெரியாது.)

அவர் வெண்ணிலாவைக் கீழே இறக்கிவிட்டார். பிறகு முன்னால் நடந்தார். வீடு பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டினார். பின்கட்டுப் படி: "இது ஒண்ணு மட்டும் ஒசரம் கம்மி. கால் வெச்சா ஏமாத்துது." வெண்ணிலா படிக்கு ஒன்று வைத்தாள். மோட்டார் ஸ்விட்சுக்குப் போகிற வழியில் கிடக்கும் ஒயர். அதற்கும் ஒன்று.

"பாத்ரூம் வாசப்படிக்கு நல்லா ரெண்டு போடுடி கண்ணு," என்றாள் பொன்னி. "என் முட்டிய பேத்துடுச்சி."

ஜெயவேலு திரும்பிப் பார்த்தார். "உனுக்கா? எப்போ?"

"நீங்க விபூதிய அகலமா பூசிகினு திரிஞ்சீங்களே, அப்போ."

"சொல்லவே இல்லியேடி!"

"சொன்னா இவ மூட்ட கட்டச் சொல்லுவா. நீங்க நவுர மாட்டீங்க, உங்கள வுட்டுட்டு நான் மட்டும் போவணுமா?"

ஜெயப்ரியா குனிந்து அம்மாவின் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாடிப்படித் திருப்பத்தைக் காட்டினாள். "அதுக்கும் ஒண்ணு போடு வெண்ணிலா. ஸ்கூல் படிக்கறப்ப என்னை உருட்டி விட்டுச்சு. திட்டுவீங்கன்னு சைக்கிள்ல விழுந்தேன்னு சொன்னேன்."

"அடிப்பாவி. அந்த சைக்கிள வித்துட்டனேடி!"

சுற்றி முடித்தபோது வெண்ணிலாவின் உள்ளங்கை சிவந்திருந்தது. அதற்கு எதை அடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊதிவிட்டார்கள்.

6

ஜெயப்ரியா போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினாள்.

"யாருக்குடி?" என்றார் ஜெயவேலு. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

என்னிடம் இரண்டு வரைவுகள் இருக்கின்றன.

ஒன்றில் மேஸ்திரி எடுக்கிறார். நிலையைப் பெயர்த்து மேலே ஏற்றுகிறார்கள், பின்கட்டுப் படியைச் சமன் செய்கிறார்கள், வீடெல்லாம் சிமென்ட் தூசி, பொன்னி எல்லோரையும் திட்டுகிறாள். எல்லாம் நல்லபடியாக முடிகிறது. ஆனால் அடுத்த மழைக்கு அந்தச் சாலை மறுபடி வளரும். ஜெயவேலு இனி எங்கேயும் விழவே மாட்டார் என்று என்னால் எழுதித் தர முடியாது.

இன்னொன்றில் சாமான் ஏற்றும் வண்டிக்காரர் எடுக்கிறார். நாவலூர் ஃபிளாட்டில் கதவுகள் உயரம், தரை சொரசொரப்பு, லிஃப்ட், எல்லாச் சுவரிலும் கைப்பிடி. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சாயங்காலம் பால்கனியில் ஜெயவேலு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். முகம் சரியில்லை. வெண்ணிலா பக்கத்தில் வந்து கேட்கிறாள்: "எது அடிச்சுது தாத்தா?" அவர் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். கை காட்ட ஒன்றும் அகப்படவில்லை.

இரண்டையும் தயாளன் சாரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தார்.

"ரெண்டாவதைப் போட்டுடு தம்பி. அதுலதான் யாருக்கும் அடி படல."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

ஆகவே முடிவை அவர் கையிலிருந்து வாங்கி உங்களிடம் தருகிறேன். ஜெயப்ரியாவின் காதில் போன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜெயவேலு நிலைக்கு உட்பக்கமாக நிற்கிறார், நான் எத்தனை முறை எழுதியும் குனியாத தலையைத் தானாகவே குனிந்துகொண்டு, மகள் என்ன சொல்லப் போகிறாளோ என்று.

யார் எடுப்பது என்று சீக்கிரம் சொல்லுங்கள். கழுத்து வலிக்கும் அவருக்கு.