அண்ணனிடம் சொன்னது

மருத்துவமனை வழக்கு என்றால் அந்த வக்கீலைத்தான் தேடி வருவார்கள். டாக்டர்கள், நிர்வாகிகள், மருந்துக் கம்பெனி முதலாளிகள் என்று கோட்டு போட்டவர்கள் மாட்டிக்கொண்டால் மீட்டுக் கொண்டுவருவதில் இருபது வருஷமாகக் கைதேர்ந்தவர்.

இந்த முறை கட்சிக்காரர் ஒரு மருத்துவமனை நிர்வாகி. எடுக்காத ஸ்கேனுக்கெல்லாம் காப்பீட்டுப் பணம் வாங்கினார் என்று வழக்கு. எதிர்த்தரப்பில் உருப்படியான சாட்சி ஒன்றே ஒன்றுதான்: ரெக்கார்டு அறையில் வேலை பார்த்த பெண். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ஃபைலம்மா என்பார்கள். எந்தக் காகிதம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். வக்கீல் ஒன்றரை மணி நேரம் குடைந்தும் ஒரு தேதிகூடப் பிசகவில்லை. நிர்வாகியின் முகத்தில் ஈயாடவில்லை.

வக்கீல் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி மூணு மாசம் லீவுல போனீங்களே, எங்க இருந்தீங்க?"

வக்கீல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"மனநல ஆஸ்பத்திரியிலதானே? யாரோ கூப்பிடற மாதிரி காதுல கேக்குதுன்னு சொன்னீங்க, இல்ல?"

"அப்ப குழந்தை தவறிப்போயிருந்துச்சு, சார்..."

"ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஆமா."

நிர்வாகி விடுதலையானார்.

வக்கீலின் தங்கை அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஃபைலம்மாவின் உயிர்த்தோழி. தீர்ப்பு வந்த மறுநாள் அவள் ஆபீசுக்கு வந்தாள்.

"அண்ணா, அது நான் உன்கிட்ட சொன்னதா?"

"சே, பைத்தியமா உனக்கு? கேஸ் பேப்பர்லயே இருந்துச்சு." வாயில் வந்த வார்த்தை அவருக்கே சுருக்கென்றது.

தங்கை நாற்காலியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். "நல்லவேளை! உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு. அவ என்கூடப் பேசவே மாட்டேங்கறா. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. மூன்றாவது மாடியில் ஃபைலம்மாவின் வீடு. தங்கையோடு ஏறிய படியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்தார். கையில் ஈரத்துணியோடு ஃபைலம்மா கதவைத் திறந்தாள்.

"வாங்க, சார்."

கோர்ட்டில் சொன்ன அதே 'சார்'.

"சொல்லுண்ணா" என்றாள் தங்கை.

பேப்பரில் இருந்தது என்று சொன்னால் முடிந்தது. வக்கீல் ஃபைலம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"இவதான் சொன்னா. உங்களை எப்படித் தேத்தறதுன்னு தெரியாம, அழுதுக்கிட்டே அண்ணன்கிட்ட சொன்னா. அதைக் கோர்ட்டுக்குத் தூக்கிட்டு வந்தது நான். இவகிட்ட பொய்யும் சொன்னேன்."

தங்கை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விடுவிடுவென்று படியிறங்கினாள்.

யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது வக்கீலுக்கு. ஃபைலம்மா துணியைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். "ஏய், நில்லுடி! நானும் வரேன்" என்று கத்தியபடி ஓடினாள். குறுகலான படி, அவளுக்கு வழிவிட வக்கீல் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவள் கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போயிருந்தாள். யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்று வக்கீல் அங்கேயே காவல் நின்றார். அவள் திரும்பி வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.