மை வைக்காத விரல்கள்

பெஷாவருக்கு வெளியே இருந்த அந்தத் தெருவில் ஈத் முடிந்ததிலிருந்து மின்சாரம் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கருகிக் கிடந்தது. மனுக் கொடுத்து அலுத்துப்போன ஆண்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள்: புது டிரான்ஸ்ஃபார்மர் வரும்வரை எந்தப் பிள்ளைக்கும் போலியோ சொட்டு மருந்து கிடையாது. அரசாங்கம் இவர்கள் வாசலுக்கு வந்து கெஞ்சுவது அந்த ஒன்றுக்காகத்தான். பிடித்தால் அந்தப் பிடியைத்தானே பிடிக்க வேண்டும்.

இதில் நொந்தவள் பல்வாஷா. அதே தெருவில் குடியிருந்துகொண்டு அதே தெருவில் சொட்டு மருந்து போடுகிறவள். அவள் வீட்டிலும்தான் விசிறி சுற்றவில்லை. ரொட்டிக்கடை ஜரீப் லாலாதான் இந்தக் கூத்துக்குத் தலைவர். அவரிடம் போய் நின்றாள்.

"லாலா, நம்ம சாக்கடைத் தண்ணியில கிருமி இருக்குன்னு சோதனையில வந்துருச்சு. புள்ளைங்க அதுல விழுற பந்தைத்தான் பொறுக்குதுங்க. கழுவாத கை வாய்க்குப் போனா கிருமி வயித்துக்குள்ள போயிரும். வெறும் காய்ச்சல் மாதிரி வந்து காலை எடுத்துட்டுப் போயிரும். அப்புறம் எந்த டாக்டர்கிட்ட ஓடியும் பிரயோஜனம் இல்ல."

"மாசாமாசம் சொட்டு மருந்து, கரண்டு மட்டும் பெருநாளுக்குப் பெருநாளா?" லாலா தந்தூர் அடுப்பிலிருந்து ரொட்டியை இழுத்துப் போட்டார். "உன் ஆபீஸர் தோள்ல டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிட்டு வரச் சொல்லு. எம் புள்ளையை முதல்ல நிறுத்துறேன்."

கடையில் நின்றவர்கள் கெக்கலித்தார்கள். பல்வாஷா மருந்துச் சீசா இருந்த நீலப் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மதியம் தெருவே சுருண்டு படுத்திருந்த நேரத்தில் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. லாலாவின் மனைவி பத்ரை. போர்த்தியிருந்த சாதருக்குள் மகனை ஒளித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"சீக்கிரம் ரெண்டு சொட்டு விடு அக்கா. ஆனா விரல்ல மை மட்டும் வேண்டாம்."

மருந்து குடித்த பிள்ளையின் சுண்டுவிரலில் அழியாத மை வைப்பார்கள். அதைப் பார்த்தால்தான் குடித்த பிள்ளை எது, குடிக்காத பிள்ளை எது என்று தெரியும்.

"லாலாவுக்குத் தெரியுமா?"

"அனுப்பினதே அவருதான். வெளியில மூச்சு விட்டுறாத. சத்தியம் பண்ணு."

பல்வாஷா சத்தியம் செய்து, மை வைக்காமல் மருந்தை விட்டாள். பத்ரை போன சூட்டோடு பால்காரன் மனைவி வந்தாள். அப்புறம் தையற்காரர் வீட்டு மருமகள். அடுத்த நாளும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் கட்டுப்பாட்டை மீறுகிறோம் என்று வெலவெலத்து, தனித்தனியாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். பல்வாஷாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. மேலதிகாரி வேறு போனில் கத்தினார்: "சீசா காலியாகுது, தெருவுல ஒரு விரல்லயும் மை இல்ல. மருந்தைச் சாக்கடையில ஊத்துறியா?" திட்டட்டும், பிள்ளைகள் வயிற்றுக்குள் மருந்து போயிற்றே என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் யாரும் வரவில்லை. ஷபேரை. கணவன் சார்ஜாவில் கொத்து வேலை. அவளும் தவழ்கிற பிள்ளை இத்ரீஸும் மட்டும். பல்வாஷாவே தேடிப் போனாள்.

"நான் வாக்குக் கொடுத்துட்டேன் அக்கா," என்றாள் ஷபேரை. "எல்லா வீட்டு ஆம்பளைங்க கிட்டயும் கேட்ட மாதிரி லாலா என் கதவுக்கும் வந்து கேட்டாரு. பொம்பளைன்னு என்னை விட்டுட்டுப் போகல. இப்ப நான் மாறலாமா?"

பல்வாஷா அத்தனை சத்தியத்தையும் அந்த இடத்திலேயே உடைத்தாள். "அடி பைத்தியமே, எல்லாப் புள்ளையும் குடிச்சாச்சு. லாலா மகன்தான் முதல்ல குடிச்சான்."

ஷபேரையின் முகம் இறுகியது. "ஊரைப் பத்திப் பொய் சொல்லாத. குடிச்சிருந்தா ஒரு புள்ள விரல்லயாவது மை காட்டு."

காட்ட ஒரு விரலும் இல்லை. மை வைக்காமல் விட்டவளே பல்வாஷாதான். நேரே லாலா வீட்டுக்கு ஓடினாள். "பத்ரை, ஷபேரைகிட்ட மட்டும் ஒரு வார்த்தை வந்து சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எதை அக்கா?" பத்ரை கண்ணிமைக்காமல் பார்த்தாள். "எங்க வீட்டுல யாரு மருந்து குடிச்சா?"

பல்வாஷா திரும்பிவந்து ஷபேரையின் முற்றத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஷபேரை கோபத்தை ஒதுக்கிவைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இத்ரீஸ் தவழ்ந்து வந்தான். பல்வாஷாவின் முழங்காலைப் பிடித்தான். தள்ளாடினான், பின்பக்கத்தைத் தூக்கினான், எழுந்து நின்றுவிட்டான்.

"ஐயோ, நிக்கிறான் பாரு அக்கா! இன்னிக்குத்தான் முதல்தடவையா நிக்கிறான்! அவங்கப்பாவுக்குப் போன் பண்ணணும்!" ஷபேரை கைதட்டிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர.

பிள்ளை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு பல்வாஷாவின் முகத்துக்கு நேரே நின்றான். அவள் கை தானாகப் பெட்டிக்குள் போய்ச் சீசாவை எடுத்தது. மூடியைத் திறந்தாயிற்று. இரண்டே சொட்டு.

ஷபேரையின் சிரிப்பு நின்றது. பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா. நம்மளை நம்பித்தானே எல்லாரும் கட்டுப்பட்டு நிக்கிறாங்க."