டிம்மி சாகக் கூடாது

செவ்வாய்க்கிழமை காலை, கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிய கெங்கம்மாவின் சேலை நாயின் முகத்தில் உரசியது. அவ்வளவுதான். டிம்மி அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. குரைக்கவில்லை, உறுமவில்லை. கடித்த வேகத்தில், தானே பயந்துபோனதுபோல் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

சேலையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பல் பதிந்திருந்தது. ஒன்றில் மட்டும் ரத்தம் துளிர்த்தது.

டிம்மி கடிக்கிற நாய் இல்லை. ராயபுரத்தில் ரயில் ஓட்டும் ஓர் ஆங்கிலோ-இந்தியர் வீட்டில் கெங்கம்மா ஏழு வருஷம் வேலை பார்த்தாள். அந்த வீட்டு நாய் அது. சோபாவில் தூங்கி, ரொட்டியும் பாலும் தின்று வளர்ந்தது. போன வருஷம் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது, வீட்டுக்காரம்மா அழுதுகொண்டே கயிற்றைக் கெங்கம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். காசிமேட்டில், கெங்கம்மாவின் ஓலை வீட்டில் அதற்கு இடமில்லை. “நாயி வூட்டுக்குள்ள வரக் கூடாது” என்று அவள் புருஷன் எத்திராஜ் முதல் நாளே சொல்லிவிட்டான். அவன் மீன்வலையை எலி கடிக்காமல் இருக்க வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தது. பூனை உள்ளே, நாய் வெளியே என்று ஆயிற்று. மழை பெய்தால் டிம்மி கதவைச் சுரண்டிப் பார்க்கும். பிறகு படகுக்கு அடியில், அவள் விரித்துவைத்த கோணியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வெளியே விட்டதால் வந்த வினை ஒன்று கெங்கம்மாவுக்கு மட்டும் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால் வாயில் நுரை தள்ளியபடி ஒரு நாய் குப்பத்துக்குள் ஓடிவந்தது. எதிர்ப்பட்ட நாய்களையெல்லாம் கடித்தது. ஆட்கள் அதைக் கல்லாலும் கட்டையாலும் அடித்துக் கொன்றார்கள். கடிபட்ட இரண்டு நாய்களையும் அன்றைக்கே கொன்றார்கள். அன்று சாயங்காலம் டிம்மியைத் தடவிக்கொடுத்தபோது காதுக்குப் பின்னால் ஈரமாக இருந்தது. கையைப் பார்த்தாள், ரத்தம். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, மஞ்சளை அரைத்துப் பூசினாள். முள்வேலியில் கிழித்துக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்திராஜிடம் மூச்சு விடவில்லை.

இப்போது காலில் பல் பதிந்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் வயதான டாக்டர் ஒருவர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, எரிகிற மருந்து ஒன்றை வைத்தார்.

“உங்க நாயா? அதை வேற நாய் எதாவது கடிச்சிருக்கா?”

கெங்கம்மா வாயைத் திறந்தாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா துணைக்கு வந்து அருகிலேயே நின்றிருந்தாள்.

“இல்லீங்க.”

“அப்போ நாயைக் கட்டிவச்சுப் பாரு. பத்து நாள். பத்து நாள் கழிச்சு நாய் நல்லா நடமாடிச்சுன்னா உனக்கு ஒண்ணும் இல்லை. தீனி எடுக்கலைன்னாலோ, எச்சில் ஒழுகினாலோ அன்னைக்கே ஓடி வா. வயித்துல பதினாலு ஊசி போடணும். ஒண்ணு முக்கியம், அதை அடிச்சுக் கொன்னுடாதீங்க. நோய் முத்தறதுக்கு முன்னாடியே கொன்னா எங்களுக்கு எதுவும் தெரியாது. தானா செத்துப் போச்சுன்னா எறியாம இங்க கொண்டு வா. தலையைச் சோதிச்சுப் பார்க்கணும்.”

திரும்பி வரும்போது பச்சையம்மா, “தலையாமே! கேட்டியா யக்கா?” என்றாள். கெங்கம்மா கேட்டது வேறு. நான் பொய் சொல்லிவிட்டேன், டாக்டரிடமே பொய் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

எத்திராஜ் சங்கிலி வாங்கிவந்து நாயைப் படகின் வளையத்தில் கட்டினான். பூனை எப்போதும் டிம்மியின் சட்டியில் மீந்ததை நக்கும். அதனால் கெங்கம்மா அதையும் பெரிய மீன்கூடைக்குள் போட்டு, மேலே அம்மிக்கல்லை வைத்து மூடினாள். பகலெல்லாம் அது உள்ளேயிருந்து கத்தியது. திறந்து சோறு வைக்கும்போது நகம் பட்டுவிடுமோ என்று கையில் துணியைச் சுற்றிக்கொண்டாள்.

முதல் மூன்று நாள் டிம்மி பாதிக் கஞ்சி குடித்தது. கெங்கம்மா மார்க்கெட்டுக்கு மீன் விற்கப் போகவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நாய் மூச்சு விடுகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பாள். விலா ஏறி இறங்கினால், ஒரு நாள் போயிற்று என்று விரலை மடக்குவாள். அடுத்த வேலை ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடிப்பது. வெறிநாய் கடித்தவனுக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். சொம்பைத் தூக்கும்போதே தொண்டை இறுகுவது போலத்தான் இருந்தது. அது நோயா பயமா என்று தெரியவில்லை. கடற்கரைக்குப் போய் அலையைப் பார்த்தபடி நிற்பாள். கண் கூசினால்கூட அதுவும் நோயோ என்று திடுக்கிட்டுத் திரும்பிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை டிம்மி சாப்பிடவில்லை. சனிக்கிழமை சட்டியை முகர்ந்து பார்த்து முனகியது. ஞாயிற்றுக்கிழமை, ஆறாம் நாள் காலை, அதன் கீழ்த்தாடை தொங்கியது. வாயோரத்தில் கோழை கயிறுபோல் இறங்கி மணலைத் தொட்டது. தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்து, உடனே வீறிட்டுக்கொண்டு பின்னால் துள்ளியது.

கெங்கம்மா தெருவில் இறங்கி ஓடினாள். பச்சையம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் இருந்தார். அவர் எதிரே நின்று, “பொய் சொல்லிட்டேங்க, வெறிநாயி அதக் காதுல கடிச்சுது, நான்தான் மறைச்சேன்” என்று ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் திட்டவில்லை. மருந்துச் சீட்டை எழுதினார். தொப்புளுக்குப் பக்கத்தில் முதல் ஊசி ஏறியது.

“நாய் உயிரோட இருக்கில்ல? வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோ. அவங்க பார்த்துச் சொல்லட்டும். யாரும் வாயில கை விடாதீங்க.”

அவள் திரும்பியபோது வீட்டு வாசலில் கூட்டம். கரைக்கு வந்திருந்த எத்திராஜ் கையில் துடுப்போடு நின்றான். படகோரத்தில் டிம்மி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. “இன்னும் இன்னாத்துக்குப் பார்த்துக்கினு கீற? ஒரே போடு போடு!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

கெங்கம்மா நடுவில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால், சங்கிலி எட்டாதபடி ஒரு முழம் தள்ளி நாய் இருந்தது. அதன் மூச்சு கரகரவென்று கேட்டது.

“நவுரு கெங்கா. கையெடுத்துக் கும்புடுறேன், நவுரு.”

“கொன்னா எனுக்கு இன்னா கீதுன்னு எப்பிடித் தெரியும்? டாக்டரு கொல்லாதன்னு சொன்னாருய்யா.”

“நாயி மேல அம்மாம் ஆசையா உனுக்கு?”

“ஆசையா? கிட்டப் போவவே எனுக்குக் குல நடுங்குது. எனுக்கு அது செத்துப்போச்சுன்னா எதுவும் தெரியாது. அது உசுரோட இருந்தாத்தான் நானும் இருக்கனான்னு தெரியும்.”

எத்திராஜ் துடுப்பை மணலில் ஊன்றினான். “எங்க சித்தப்பன் எப்பிடிச் செத்தான் தெரியுமா? கட்டுமரம் ஓட்டினவன். கட்டில்ல கட்டிப்போட்டோம். அலைச் சத்தம் கேட்டாலே கத்துவான். காத நாங்க துணியால அடைச்சோம்.” அவன் அவளைப் பார்த்தான். “உன்ன நான் அப்பிடிக் கட்ட மாட்டேன்.”

கெங்கம்மா, டிம்மி வெறிநாயிடம் கடிபட்டதையும் அதை மறைத்ததையும் அங்கேயே சொன்னாள். அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனான். திரும்பி வந்தபோது தோளில் வீச்சுவலை இருந்தது.

ஒரே வீச்சில் வலை நாயின் மேல் விழுந்தது. டிம்மி திமிறியது, பிறகு அப்படியே சரிந்தது. இரண்டு ஆட்கள் கழிகளால் அழுத்திப் பிடிக்க, வலையோடு சேர்த்து ஒரு மரப்பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். எந்த வண்டிக்காரனும் கிட்டே வரவில்லை. கடைசியில் ஜட்கா ஓட்டும் பஷீர் பாய்தான், “பெட்டிய நல்லா ஆணியடி. குதிர மெரண்டுச்சின்னா நான் பொறுப்பு இல்ல” என்று ஒப்புக்கொண்டார். வழி முழுக்க அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. செத்துவிட்டதோ என்று எத்திராஜ் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, பலகை இடுக்கில் காதை வைத்துக் கேட்டான்.

வேப்பேரியில் மாட்டு டாக்டர் இளவயதுக்காரர். தோல் கையுறை மாட்டிக்கொண்டு, நாயின் கழுத்தை இடுக்கி வைத்த கம்பால் பிடிக்கச் சொல்லி, தாடைகளுக்கு நடுவே மரக்கட்டை ஒன்றைக் கொடுத்தார். விளக்கை அடித்துப் பார்த்தார். நீளமான இடுக்கியை உள்ளே விட்டார். டிம்மி அலறியது. கெங்கம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“இங்க பாரும்மா.”

இடுக்கியின் நுனியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மீன் எலும்பு. அதோடு சீழும் ரத்தமும் வந்தன. மேல்வாயில் இந்தப் பக்கத்துக் கடைவாய்ப்பல்லிலிருந்து அந்தப் பக்கம் வரை குறுக்கே குத்தி நின்றிருந்தது என்றார். ஈறு அழுகியிருந்தது. முகத்தில் எது பட்டாலும் வலித்திருக்கும்.

எத்திராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். “அப்ப வெறி இல்லீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலை. எலும்பு இருக்கிற நாய்க்கு வெறியும் இருக்கலாம். பத்து நாள் முடியட்டும், இங்கேயே கூண்டில் இருக்கட்டும். ஊசியை நிறுத்தாதே.”

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் மோசம். காலையில் ஊசி, பிறகு வேப்பேரி. வயிறு பலகைபோல் வீங்கி, நடந்தால் இழுத்தது. டிம்மியின் கூண்டுக்கு இரண்டு கூண்டு தள்ளி ஒரு கறுப்பு நாய் இருந்தது. அதற்கு நிஜமாகவே வெறி. இரும்புக் கம்பியைக் கடித்துக் கடித்துப் பல் உடைந்திருந்தது. யாரையும் பார்க்காத கண்ணால் பார்த்தது. கெங்கம்மா அதைப் பார்க்காமல் இருக்கத்தான் நினைப்பாள், ஆனால் பார்வை அங்கேதான் போகும். பிறகு டிம்மியைப் பார்ப்பாள். அது எழுந்து வாலை ஆட்டியது. பாலை நக்கியது. புதன்கிழமை, கறுப்பு நாயின் கூண்டு காலியாக, பினாயில் ஊற்றிக் கழுவப்பட்டிருந்தது. அதன் சொந்தக்காரர், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா, வெளியே வேப்பமரத்தடியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் கட்டுப் போட்டிருந்தது. கெங்கம்மா அவரிடம் ஏதாவது சொல்ல நினைத்தாள். தலையைக் குனிந்து அவரைத் தாண்டி நடந்தாள்.

வியாழக்கிழமையோடு பத்து நாள் முடிந்தது. மறுநாள் காலையில் டாக்டர் டிம்மியை வெளியே நடத்திப் பார்த்தார். அது வாசலைத் தாண்டி எத்திராஜின் காலைச் சுற்றி முகர்ந்தது. அவர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பெரியாஸ்பத்திரி டாக்டர் படித்துவிட்டு, “போதும், அஞ்சு ஊசியோட நிறுத்திக்கலாம்” என்றார். கெங்கம்மா அங்கேயே, எல்லோருக்கும் நடுவில், ஓவென்று அழுதாள்.

ஆனாலும் மாட்டு டாக்டர் விடவில்லை. வெறிநாய் கடித்திருந்தால் நோய் மாதக்கணக்கில் பதுங்கியிருந்தும் வரும் என்று, டிம்மிக்கு ஊசி போட்டு, இன்னும் ஆறு மாதம் அவிழ்க்கவே கூடாது என்று சொல்லியனுப்பினார். கடிபட்ட அன்றைக்கே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று அவளைத் தனியாகத் திட்டவும் செய்தார். வருஷா வருஷம் நாய்க்கும் ஊசி உண்டு என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எத்திராஜ் வீட்டுச் சுவரோடு சேர்த்துச் சவுக்குக் கழி நட்டு ஓர் அடைப்புக் கட்டினான், மேலே ஓலை வேய்ந்தான். கூடையில் கிடந்த பூனையைத் திறந்துவிட்டான். முள் எடுத்த மீனை மட்டும் அவனே பிசைந்து வைத்தான். கெங்கம்மாவால் கிட்டே போக முடியவில்லை. தினமும் சட்டியைக் கழியால் தள்ளித்தான் வைத்தாள். டிம்மி கொட்டாவி விட்டால்கூடத் தாடை தொங்குகிறதோ என்று உற்றுப் பார்ப்பாள்.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம், அடைப்பில் சாய்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தபோது கழிகளின் இடுக்கு வழியாக ஈரமாக எதுவோ அவள் முழங்கையைத் தொட்டது. டிம்மி நக்கியிருந்தது. அலறியடித்து எழுந்து ஓடினாள். சோப்பை எடுத்துத் தேய்த்தாள், தோல் சிவந்து எரியும்வரை தேய்த்தாள். பிறகு ஈரக் கையைப் பார்த்தபடி தண்ணீர்த் தொட்டியோரத்தில் உட்கார்ந்தாள். அடைப்புக்குள்ளிருந்து டிம்மி அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

“இன்னாடா பாக்குற?” என்றாள். “எனுக்குப் பயமா கீதுடா. நீ இன்னா பண்ணுவ, பாவம்.”

எழுந்து போய், அரிந்த மீனில் ஒரு துண்டை எடுத்து, முள் இருக்கிறதா என்று விரலால் நன்றாகத் தடவிப் பார்த்தாள். இம்முறை கழியை எடுக்கவில்லை. கையை நீட்டாமல், ஆனால் கிட்டே குனிந்து, சட்டியில் போட்டாள்.