வடிவு இன்னும் வந்து சேரவில்லை

1

"அனுப்பிட்டியாம்மா?"

"நான் அனுப்பல சார். அதுவா போயிடுச்சு."

"அதுவா போறதுக்கு இன்னா, காலு மொளச்சிருக்குதா? போட்டி இன்னும் நடக்கவே—"

"சாயந்திரம் நாலுக்குத்தான் சார் வெச்சேன், அது வெடிகாலை நாலுக்கே—"

"—நடக்கவே இல்ல, ஜெயிச்சாச்சுன்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு!"

"ஜெயிச்சதை மொதல்ல எழுது, தோத்ததை மொதல்ல எழுதினா வெளங்காதுன்னு யாரு சார் சொன்னது?"

"எழுதத்தான் சொன்னேன். அனுப்பச் சொன்னேனா?"

இதில் பாதிதான் என் காதில் விழுந்தது. கண்ணமங்கலத்தில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறை. என் வாயில் பஞ்சு. பக்கத்து நாற்காலியில் கழுத்தில் விசில் தொங்க ஒருவர், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். மறுமுனைக் குரல் எனக்குக் கேட்கவில்லை. அதை வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நானே பேசிப் பார்த்துக்கொண்டேன். (அருகில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.) எனக்குக் கதைகள் முகமாக வருவதில்லை, பேச்சாகத்தான் வருகின்றன. ஆக, விசில்காரருக்குக் கோபால்சாமி என்று பெயர் வைத்தேன், பி.டி. மாஸ்டர். மறுமுனையில் ரேணுகாதேவி.

2

தொடக்கம் எப்படி இருந்திருக்கலாம் என்றால்:

'ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், பனி படர்ந்த ஒரு—' வேண்டாம். பனியை எல்லாரும் படரவிட்டாயிற்று.

'ரேணுகாதேவியின் கண்களில் நீர்—' இதுவும் வேண்டாம். எழுதியவுடன் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "இன்னாத்துக்கும்மா என்ன அழ வெக்கிறீங்க? எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்குது."

அந்த வேலை இதுதான். அமிர்தி பக்கம் ஒரு இன்டர்நேஷனல் பள்ளி. பெயர் சொல்ல மாட்டேன். முன்பு அங்கே ஒரு கொரியப் பையன் படித்தான். அவன் அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூருக்கு மாற்றலாகிவிட்டது. பெயர்ப்பலகையை யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளி விடும் நேரத்துக்கு, 'இந்த வாரம் நம் பள்ளியில்' என்ற செய்தித் தொகுப்பு பெற்றோரின் கைபேசிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அதைச் சந்தவாசல்காரி ரேணுகாதான் எழுதுவாள். இந்த வாரத் தொகுப்பிலிருந்து கொஞ்சம்:

மழலையர் வகுப்பில் மஞ்சள் நாள் இனிதே கொண்டாடப்பட்டது. நான்காம் வகுப்பினர் உயிரியல் பூங்காவுக்குச் சென்று மான்களுக்கு ஆங்கிலத்தில் வணக்கம் கூறினர். (மான்கள் என்ன சொல்லின என்பது செய்தியில் இல்லை.) பள்ளிகளுக்கு இடையிலான மெது சைக்கிள் போட்டியில் ஏழாம் வகுப்பு வடிவு முதலிடம் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்.

கடைசிச் செய்தியில்தான் வினை.

3

மெது சைக்கிள் தெரியாதவர்கள் இருக்கலாம். சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே சைக்கிளை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்ட வேண்டும். தரையில் கால் ஊன்றினால் அவுட், கோட்டை மிதித்தாலும் அவுட். கடைசியாக எல்லையைத் தொடுகிறவருக்கு முதல் பரிசு. எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத போட்டி என்பதால், விளையாட்டு விழாவில் அதைக் கடைசியாக வைப்பார்கள். செய்தியோ அதற்கு முன்பே போயாக வேண்டும்.

அதனால் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். ஒவ்வொரு போட்டிக்கும் முந்தின நாளே மூன்று விதமாக எழுதி வைப்பார்கள்: 'முதலிடம் பெற்றார்', 'இரண்டாமிடம் பெற்றார்', 'பங்கேற்றுச் சிறப்பித்தார்'. (மூன்றாவதற்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும்.) கடைசி நிமிடத்தில் ரேணுகா மைதானத்தைப் பார்த்து, நடக்கிற போக்குக்கு ஏற்ற ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிடுவாள். முதல் வடிவம் எப்போதும் வெற்றி. அது கோபால்சாமியின் சாஸ்திரம்.

இந்த முறை, தானாகப் போக வேண்டிய நேரத்தைக் காலை மாலையை மாற்றிக் குறித்துவிட்டாள்; எதையும் அழிக்காததால் முதலில் இருந்ததே போய்விட்டது.

இதில் அவளுக்கு என்ன போய்விடும்? வேலை போய்விடும். போன மாதம்தான் தாளாளர் சகுந்தலா அம்மாவின் படத்துக்குக் கீழே 'தவளை ஓட்டத்தில் மூன்றாமிடம்' என்று வந்துவிட்டது. "இன்னொரு தப்பு, ரேணுகா. ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லியிருந்தார்.

"திருத்தம் அனுப்பிடலாம்" என்றார் கோபால்சாமி.

"அனுப்பினா அதுதான் சார் அந்த இன்னொரு தப்பு."

4

சகுந்தலா அம்மா சென்னையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். அங்கிருந்தே கைதட்டும் படம் ஒன்பது அனுப்பிவிட்டார். கண்ணமங்கலம் கூட்டு ரோட்டில் பிளெக்ஸ் வைக்கவும் சொல்லிவிட்டார்.

பிறகு மலையிலிருந்து ஒரு அழைப்பு. வடிவின் அப்பா கருப்பன்.

"டீச்சரு! எம் பொண்ணு பஸ்ட்டு வந்துடுச்சாமே!"

"அண்ணே, அது வந்து... இன்னும்—"

"சாமை காயப் போட்டது போட்டபடி கெடக்குது. ஊரே டெம்போல ஏறிடுச்சு. மேளம் சொல்லியாச்சு!"

"அண்ணே, மேளம் வேணாண்ணே, நான் சொல்றத—"

"இன்னாது, ரெண்டு மேளமா? சரி டீச்சரு!"

சிக்னல் போய்விட்டது. மலையில் அப்படித்தான்.

5

இந்த இடத்தில் எனக்கு வடிவைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்களா? சொன்னால் கை நடுங்கும், நடுங்கினால் சைக்கிள் சாயும். விடுதிப் பிள்ளை, கைபேசி கிடையாது. ரேணுகா எல்லாரையும் கண்ணாலேயே மிரட்டி வைத்தாள்.

"மிஸ், உங்க கை ஏன் ஜில்லுனு கீது?"

"ஒண்ணுமில்ல. நீ பதறாம ஓட்டு."

"எனக்கு இன்னா மிஸ் அவசரம்?"

இந்தப் பதிலைக் கேட்டதும் நானே சிரித்துவிட்டேன். இந்தப் பெண்ணைத் தோற்கடிக்க எனக்கு மனம் வராது. ஆனால் முடிவுகளை எழுதிப் பார்த்தேன், பள்ளி வழக்கப்படியே, வெற்றியை முதலில்:

வடிவு ஜெயிக்கிறாள். செய்தி உண்மையாகிறது. (சர்க்கரை அதிகம். பல் டாக்டர் திட்டுவார்.)

வடிவு கால் ஊன்றுகிறாள். ரேணுகா அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சந்தவாசலில் ஜெராக்ஸ் கடை—

"ஜெராக்ஸ் கடையா! நல்லா இருக்குதும்மா உங்க நியாயம்" என்றாள் ரேணுகா. அந்த வரியை அடித்துவிட்டேன்.

6

ஆறு சைக்கிள்கள் புறப்பட்டன. புறப்பட்டன என்பதே பெரிய சொல், லேசாக அசைந்தன. சிறிது நேரத்தில் ஒருவன் கோட்டை மிதித்தான், ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தே விழுந்தாள், இருவர் கால் ஊன்றினார்கள். கோபால்சாமி விசிலை வாயில் வைத்தால் கன்னத்து வலியில் உயிர் போயிற்று, ஒவ்வொரு முறையும் விசிலுக்குப் பதில் "ஆவ்!" என்றுதான் வந்தது. அதையே அவுட் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மிச்சம் இரண்டு பேர். வேலூர்ப் பள்ளி சிவசங்கர், வடிவு.

"மெதுவா! மெதுவா!" என்று பள்ளி மொத்தமும் தொண்டை கிழியக் கத்தியது. "இன்னும் மெதுவாடி வடிவு!"

சிவசங்கரின் முன்சக்கரம் எல்லைக்கு ஒரு சாண் தூரத்தில். ஹேண்டில்பார் வெடவெடக்கிறது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, அவன் தொட்டுவிடுவான். வடிவு அவனுக்கு அரை சக்கரம் பின்னால், நிற்கிறாளா நகர்கிறாளா என்றே தெரியவில்லை.

அப்போதுதான் வாசலில் டெம்போ வந்து நின்றது. இரண்டு மேளம். முன்னால் கருப்பன், கையில் ஆளுயர ரோஜா மாலை. ரேணுகா கையை ஆட்டிக்கொண்டு ஓடினாள். "அண்ணே! நில்லுங்கண்ணே! இன்னும் முடி—" மேளம் அவள் குரலை விழுங்கிவிட்டது.

வடிவு அப்பாவைப் பார்த்துவிட்டாள்.

இதற்கு மேல் நான் எழுதுவதாக இல்லை. நான் ஒரு வரி எழுதினாலும் யாருடைய சக்கரமாவது நகர்ந்துவிடும். மீதி உங்கள் கையில், பார்த்து, மெதுவாக. எனக்குக் கடைசியாகக் கேட்டது மேளத்துக்கும் மேலே எழும்பிய கருப்பனின் குரல்தான்:

"நீதான் ஜெயிச்சிட்டியே கண்ணு, இன்னும் இன்னாத்துக்கு வண்டி மேல உக்காந்துனு கீற? எறங்கி வா!"