விட்டுப் படித்த வரி

என் தம்பி ஒரு மடையன். இதை நான் நீதிமன்றத்தில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

சட்டமன்ற அலுவலகத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பிரிவு. அவை நிறைவேற்றிய மசோதாவைப் புதிதாகத் தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு அனுப்புமுன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தம்பி புதுப் பிரதியைச் சத்தமாகப் படிப்பான். நான் அவையின் பிரதியில் வரிவரியாக விரல் வைத்துக்கொண்டே வருவேன். "வாய் அவன், விரல் அக்கா" என்று மேலாளர் கிண்டலடிப்பார்.

அன்று வந்தது ஆலை விபத்து இழப்பீட்டு மசோதா. ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும் உண்டு என்று வரைவில் இருந்த வரியை அவை நீக்கிவிட்டது. எங்கள் அப்பா கொதிகலன் வெடித்துச் செத்தார். ஒப்பந்தக் கூலி என்று சொல்லி ஆலைக்காரன் கைகழுவிவிட்டான். தம்பி பாவிப்பயல், நீக்கிய வரியைப் புதுப் பிரதியில் திரும்பச் சேர்த்துத் தட்டிவிட்டான். என்னிடம் படிக்கும்போது அதை மட்டும் விட்டுப் படித்தான். என் விரல் தடங்கல் இல்லாமல் இறங்கிப் போனது. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஒரே வாரத்தில் குட்டு உடைந்தது. மசோதாவில் கை வைத்தால் சிறை. வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவன் அந்த வரியையும் படிச்சான், நான்தான் கவனிக்கலன்னு சொல்லிடுங்கம்மா. பழைய வரைவப் பார்த்து அடிச்ச கைத்தவறுன்னு ஆயிடும். ரெண்டு பேருக்கும் வேலை போகும். உள்ள போக வேண்டியதில்ல."

வேலைதானே, போய்த் தொலையட்டும் என்று கூண்டில் ஏறினேன். வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான்.

"அக்காவ விட்டுடுங்கய்யா. அந்த வரிய நான் படிக்கவே இல்ல. வேணும்னுதான் சேர்த்தேன்."

"வாய மூடுடா!" என்று கத்தினேன். மூடினால்தானே.

அவனுக்கு ஏழு வருடம் போட்டார்கள். எனக்கு வேலைகூடப் போகவில்லை. "உன் விரல் என்னடி பண்ணிட்டிருந்துச்சு?" என்று அன்று கேட்ட அம்மா, அதன்பிறகு என்னிடம் பேசுவதில்லை.

போன மாதம் அதே மசோதா, அந்த வரி இல்லாமல், மறுபடி தட்டச்சாகி வந்தது. இப்போது படிப்பவள் நான். எதிரே புதிதாகச் சேர்ந்த பெண் விரல் வைக்கிறாள். தம்பி வரியைச் சேர்த்திருந்த இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினேன்.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க? ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஒண்ணும் விட்டுப்போகல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

மிச்சத்தையும் படித்து முடித்து, கையெழுத்துப் போட்டேன்.